வேலிக்குச் சொல்லும் காரணம்



1940 நவம்பரில் வார்சா நகரில் நாஜிகள் நாலு லட்சம் யூதர்களை மதிலுக்குள் அடைத்தார்கள். சொன்ன காரணம், தொற்றுநோய். உள்ளே பட்டினிதான் நோயை வளர்த்தது. 1942 ஜூலையில் அங்கிருந்து ட்ரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு ரயில்கள் புறப்பட்டன. யூதர்களை ஏற்றிய ரயில்களுக்கு ஜெர்மன் ரயில்வே ஆள் கணக்கில் கட்டணம் வாங்கியது. சிறுவருக்கு அரைக் கட்டணம். கணக்கு எழுதியவன் என்னைப் போன்ற குமாஸ்தாதான்.

2009இல் வன்னிப் போர் முடிந்ததும், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தமிழர்களைச் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் வைத்தது இலங்கை அரசு. சொன்ன காரணம், கண்ணிவெடி, விசாரணை. அது வார்சா அல்ல. 2012இல் முகாம் மூடப்பட்டது. ஆனாலும் சோறு போட்டு அடைத்தாலும் சிறை சிறைதான்.

பிழைக்க வந்த ஊரில் வாழும் நாம், யாரை எங்கே அடைத்தாலும் ஒன்றைக் கேட்போம்: அவர்கள் நினைத்தால் வெளியே போக முடியுமா?