காரை இறக்குறது ஈஸி, வேலை அதுக்கப்புறம்தான்

இன்னைக்கு பழைய போர்ஷே 911. குறிப்பா, 1989 வரைக்கும் டார்ஷன் பாரோட வந்த மாடல்கள். டார்ஷன் பார்னா, காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலா இருக்கிற ஒரு நீளமான இரும்புக் கம்பி. முறுக்கினா, பழைய நிலைக்குத் திரும்பப் பாக்கும்.

இந்தக் காரோட முன்பக்கத்தை இறக்க எதையும் மாத்த வேண்டாம். ஒரு அட்ஜஸ்டிங் போல்ட்டைத் திருப்பினா போதும், இறங்கிடும். பின்பக்கம் அப்படியில்ல, பாரைக் கழட்டி, பல்லு மாத்தி மாட்டணும். அது தனிக் கதை. முன்பக்கம் இவ்ளோ ஈஸியா இருக்கிறதுதான் பிரச்சனையே. போட்டோல கார் செமயா இருக்கும். ரோட்டுல?

சக்கரத்தை கீழே கண்ட்ரோல் ஆர்ம் பிடிச்சிருக்கு. ஸ்டியரிங் ராக்குலேர்ந்து டை ராட் வருது. கார் இறங்கினா, ரெண்டோட வெளிமுனையும் மேல ஏறிடும். அப்புறம் சக்கரம் ஒரு மேட்டுல ஏறும்போது, ரெண்டும் ஒத்துப்போகாம வேற வேற வளைவுல நகரும். நீங்க ஸ்டியரிங்கை அசைக்கவே இல்ல, சக்கரம் தானா திரும்பும். இதுதான் பம்ப் ஸ்டியர். நேர் ரோட்டுல இது வெறும் எரிச்சல். வேகமா ஒரு வளைவுல போகும்போது நடுவுல மேடு வந்தா? 911-ல இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னாடி தொங்குது. பயந்து ஆக்சிலரேட்டரை சட்டுன்னு விட்டீங்கன்னா, பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வரப் பாக்கும்.

வழி இருக்கு. ராக்குக்கு அடியில ஸ்பேசர் வெச்சுத் தூக்கினா, டை ராடோட உள்முனையும் மேல வரும். எவ்ளோ தடிமன்ங்கிறதை யாரையும் கேக்காதீங்க, அளந்து பாருங்க. டார்ஷன் பாரை லூஸ் பண்ணி, ஜாக்கி வெச்சு சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கி, அது எவ்ளோ திரும்புதுன்னு ஒவ்வொரு உயரத்துலயும் குறிச்சுக்கணும். நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் எழுதாம டெப்ளாய் பண்ணாதீங்க.

இன்னொண்ணு பலருக்கும் தெரியாது. வளைவுல கார் சாயும்போது, ரோல் சென்டர்னு ஒரு கற்பனைப் புள்ளியைச் சுத்தித்தான் சாயுது. ஸ்டிரட் வெச்ச காரை இறக்கினா, காரோட எடை மையம் இறங்குறதைவிட இந்தப் புள்ளி அதிகமா இறங்கும். நடுவுல இருக்கிற தூரம் கூடும், அதான் சாய வைக்கிற நெம்புகோல். சாயக்கூடாதுன்னு இறக்கின கார், அதே ஸ்பிரிங்ல முன்னைவிட அதிகமா சாயலாம்! உடனே தடிமனான ஆன்ட்டி-ரோல் பார் வாங்கிடுவாங்க. நோயை விட்டுட்டு வலிக்கு மாத்திரை.

சரியான மருந்து, ஸ்டிரட்ல ஸ்பிண்டிலை வெட்டி மேல ஏத்தி வெல்டு பண்றது. கார் தாழ்வா நிக்கும், ஆர்மும் டை ராடும் பழைய கோணத்துக்கே வந்துடும். ராக் ஸ்பேசரே தேவைப்படாம போகலாம். ஆனா அந்த வெல்டு விட்டா சக்கரம் தனியா போயிடும். இதையே தொழிலா செய்றவங்ககிட்ட மட்டும் கொடுங்க.

ரோட்டுல மட்டும் ஓட்டுற காரா? கண்ட்ரோல் ஆர்ம் தரைக்கு இணையா வர்ற உயரத்துல நான் ஸ்பேனரைக் கீழே வெச்சிடுவேன். அப்புறம் நேரா அலைன்மென்ட்டுக்கு.