ஒரு பைப், ஒரு எடை, ஒரு செல்போன்
(ஆட்டையாம்பட்டியில் நடந்த குறும்படப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



செல்போனில் நம்மைப் பற்றி எடுக்கப்பட்டு ஊரெல்லாம் பரவிய வீடியோக்களை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் நாம் அடி வாங்குகிறோம், இல்லையென்றால் திட்டு வாங்குகிறோம். 2023 ஜனவரியில் நம் சேலம் திருமலைகிரியில், கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் ஊர் பார்க்க வசைபாடினார். யாரோ அதைப் படம் பிடித்ததால்தான் கட்சி அவரை இடைநீக்கம் செய்தது, கைதும் நடந்தது. அந்த மாதிரி வீடியோவில் கை நடுங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் சாட்சி சொல்வது மட்டும்தானா நம் வேலை? நம் காதலை, நம் கிண்டலை, நம் பாட்டி சொன்ன பேய்க்கதையை யார் எடுப்பது? அதற்கு நடுங்காத ஷாட் வேண்டும். ட்ராலி, கிரேன் வாடகையெல்லாம் தறிக்கூலியில் கட்டுப்படியாகாது.

மகாராஷ்டிராவின் மாலேகானும் நம்மைப் போல விசைத்தறி ஊர்தான். உழைக்கும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். அங்கே ஷேக் நசீர் என்பவர் சைக்கிளை ட்ராலியாகவும் மாட்டுவண்டியைக் கிரேனாகவும் வைத்துப் படமெடுத்தார். அவருடைய சூப்பர்மேன் ஒரு தறித் தொழிலாளி. ஃபைசா அகமது கான் எடுத்த 'சூப்பர்மென் ஆஃப் மாலேகான்' ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் சாம் ரைமி 1981இல் வந்த 'ஈவில் டெட்' படத்துக்குக் கேமராவைப் பலகையில் பொருத்தி இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு ஓடவிட்டார். கைக்காசு இல்லாதவன் எங்கேயும் இப்படித்தான் தொடங்குகிறான்.

நம் கருவிக்கு வருகிறேன். செல்போன் எடை குறைவு, அதனால் கை லேசாக அசைந்தாலும் திரும்பிவிடுகிறது. இரண்டரை அடி பிவிசி பைப் எடுங்கள். மேல்முனையில் போன், கீழ்முனையில் எடை. தறியில் பாவு இறுக்கத்துக்குத் தொங்கவிடும் இரும்பில் சின்னதாக ஒன்று போதும். பாரம் இரண்டு முனைகளிலும் தள்ளி இருப்பதால் பைப் சட்டென்று திரும்பாது. 1970களில் காரெட் பிரௌன் உருவாக்கிய ஸ்டெடிகேமிலும் இந்தச் சூத்திரம்தான். பைப்பை ஒரு விரல்மேல் கிடையாக வையுங்கள். எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ, அதற்குக் கொஞ்சம் மேலே பிடி. இறுக்கிப் பிடிக்காதீர்கள், பைப் தானாகத் தொங்கட்டும்.

சைக்கிள் ஷாட்டுக்குப் போனை ஹேண்டில்பாரில் கட்டினால் ரோட்டுக் குழியெல்லாம் படத்தில் தெரியும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கேரியரில் உட்கார்ந்து இந்தப் பைப்பைப் பிடிக்கட்டும். டயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

நம் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்த தெருக்கள் உண்டு. அப்படி ஒரு தெருவில், மிதித்துக்கொண்டே போகும் இரண்டு பேர் சண்டை போட்டுச் சிரிக்கிற ஒரே ஷாட்டை எடுத்து வாருங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள்.

பைப்பும் எடையும் அந்த மேசையில் இருக்கின்றன. முதலில் பெண் தோழர்கள் வாங்க.