கூட்டு மந்திரிசபையில் யார் பொறுப்பாளி?



கூட்டு மந்திரிசபை நல்லதா, கெட்டதா என்று கேட்கிறார்கள். தப்பு நடந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது என்பதுதான் என் கவலை. அதற்கு நெதர்லாந்து தேசத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன்.

அங்கே பார்லிமெண்டின் கீழ்ச்சபைக்கு 150 ஸ்தானங்கள். விழுந்த ஓட்டின் விகிதப்படி ஸ்தானங்களைப் பங்கிடுகிறார்கள். ஆதலால் 1918-ல் இம்முறை வந்தது முதல் எந்தக் கட்சிக்கும் தனி மெஜாரிட்டி கிடைத்ததில்லை. மந்திரிசபை என்றாலே கூட்டுத்தான்.

வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தைகளைக் காப்பகத்தில் விடும் செலவுக்குச் சர்க்கார் பண உதவி செய்கிறது. ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கெல்லாம் வரி இலாகாவார் ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசக்காரர் என்று முத்திரை குத்தி, வாங்கிய பணம் பூராவையும் திருப்பிக் கட்டு என்றார்கள். குடும்பங்கள் கடனில் மூழ்கின, வீடுகள் போயின. இரண்டு தேசத்துப் பிரஜா உரிமை உள்ளவர்கள்மீது சந்தேகம் அதிகம். பிறந்த தேசத்தைப் பார்த்து ஒருவனைத் திருடன் என்பதற்கும், பிறந்த ஜாதியைப் பார்த்து ஒருவனைக் கீழ்மகன் என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறேன். இக்காரியத்துக்காக 2021-ல் அந்த இலாகாவுக்கே 27½ லட்சம் யூரோ அபராதம் விழுந்தது!

இதைத் தோண்டி எடுத்தவர்களில் ஒருவர் பீட்டர் ஓம்ட்சிக்ட். அவர் எதிர்க்கட்சிக்காரரல்ல; ஆளும் கூட்டைச் சேர்ந்த கட்சியின் அங்கத்தினரே. 2020 டிசம்பரில் பார்லிமெண்டுக் கமிட்டி, இது இதுவரை கண்டிராத அநீதி என்று ரிப்போர்ட் கொடுத்தது. 2021 ஜனவரி 15-ந் தேதி பிரதம மந்திரி ருட்டேயும் நான்கு கட்சி மந்திரிகளும் ராஜிநாமாச் செய்தார்கள். பொறுப்பு என்றால் இதுவல்லவோ என்று உங்களுக்குத் தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

மார்ச்சுத் தேர்தலில் ருட்டே கட்சி 34 ஸ்தானங்களோடு முதலில் வந்தது. உடனே பேரம். பேரத்தை நடத்திய அம்மையார் ஒருவர் கையிலிருந்த குறிப்புத்தாள் பத்திரிகைக்காரர் படத்தில் விழுந்துவிட்டது. ஓம்ட்சிக்டுக்கு வேறிடத்தில் உத்தியோகம் என்று அதில் இருந்தது! கேள்வி கேட்டவனுக்குக் கிடைத்த சன்மானத்தைப் பார்த்தீர்களா? அவரைப்பற்றி நான் பேசவேயில்லை என்றார் ருட்டே. பேசினார் என்று குறிப்புகள் காட்டின. ஞாபகப் பிசகு என்றார்.

சபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது. கண்டனத் தீர்மானம் நிறைவேறிற்று. அந்தக் கண்டனத்தைக் கொண்டுவந்தவர்களோ பழைய கூட்டாளிக் கட்சிகளின் தலைவர்களான காக் அம்மையாரும் ஹூக்ஸ்ட்ராவும். 2022 ஜனவரி 10-ந் தேதி அதே நான்கு கட்சிகள் மறுபடியும் பதவி ஏற்றன. அதே ருட்டே பிரதம மந்திரி. கண்டித்த இருவரும் அவருக்குக் கீழே மந்திரிகள்!

ஓட்டர் என்ன செய்வான்? ஒரு கட்சியைக் கேட்டால் அது மற்ற மூன்றைக் கைகாட்டும். அதற்காகத் தனிக் கட்சி ஆட்சிதான் யோக்கியம் என்று நான் சொல்லவரவில்லை. தனிக் கட்சியிலும் வாய்ப்பூட்டு உண்டு. ஓட்டெல்லாம் விழுந்த பிறகு, ஓட்டுப் போட்டவனை வெளியே நிறுத்திக் கதவை மூடிக்கொண்டு பேசுகிற அந்தப் பேரத்தைத்தான் சொல்லுகிறேன். யாரோடு சேருவாய், சேருவதற்கு எதை விட்டுக்கொடுப்பாய், உன் கட்சிக்காரனே உன் மந்திரியைக் கேள்வி கேட்டால் அவனை என்ன செய்வாய் என்று அபேட்சகரை முன்கூட்டியே கேட்க வேண்டாமா?

நான்கு கட்சிகளும் திரும்பப் பதவி ஏற்றபோது ஓம்ட்சிக்ட் தம் கட்சியில் இல்லை. 2021 ஜூனிலேயே அதை விட்டு விலகிவிட்டார்.