தெரு யாருடையது?

(தூத்துக்குடியில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் சில மணி நேரம் இவ்வூர்த் தெரு ஒன்றில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் அத்தெருவை விடவேண்டும் என்பது பற்றி இன்று பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். இதைக் கேட்டு ஊரில் சில பெரிய மனிதர்கள் சிரிக்கிறார்களாம். "துறைமுகப் பட்டினத்தில் தெருவை அடைப்பதா? வியாபாரம் என்ன ஆவது?" என்கிறார்களாம்.

அவர்களை ஒன்று கேட்கிறோம். இவ்வூரில் தெருவை அடைத்ததே கிடையாதா? சித்திரை மாதத்தில் சிவன் கோவில் தேர் ஓடும்போது ரதவீதியில் எந்தக் கார் ஓடுகிறது? 2023 ஆகஸ்டில் பனிமய மாதா கோவில் தங்கத் தேரை இழுத்தபோது வண்டிகள் எல்லாம் எங்கே நின்றன? மந்திரி வருகிறார் என்றால் போலீஸ்காரர் நம்மை எங்கே நிறுத்துகிறார்? அப்போதெல்லாம் வியாபாரம் செத்தா போயிற்று? சாமி உட்கார்ந்த தேருக்கும் மந்திரி உட்கார்ந்த காருக்கும் ஒதுங்குகிற தெரு, நடந்து போகிற மனிதனுக்கு மாத்திரம் ஒதுங்காது என்றால், அதற்கு வியாபாரமா காரணம்?

இது புதுப் பைத்தியமும் அல்ல. ஹாலந்து தேசத்தில் 1971இல் ஒரே வருஷத்தில் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் மோட்டாரில் அடிபட்டு மாண்டார்கள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தார்கள். 1973 நவம்பரில் எண்ணெய்ப் பஞ்சம் வந்தபோது அந்தச் சர்க்கார் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே நிறுத்திவிட்டது. ஜனங்கள் நடுரோட்டில் சைக்கிள் விட்டார்கள். இன்று உலகத்தில் சைக்கிள் நாடு என்றால் ஹாலந்தைத்தான் சொல்லுகிறார்கள். தென் அமெரிக்காவில் பொகோட்டா என்ற பட்டணத்தில் 1974இல் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டில் 120 கிலோ மீட்டருக்கு மேல் தெருவைக் காலை 7 மணி முதல் பகல் 2 மணி வரை ஜனங்களுக்கு விட்டு விடுகிறார்கள். நம் நாட்டில் 2013இல் டில்லிக்குப் பக்கத்துக் குர்கானிலும், 2014இல் சென்னை பெசன்ட் நகரிலும் இதைச் செய்து பார்த்தார்கள். பெசன்ட் நகரில் முடிந்தது தூத்துக்குடியில் முடியாதா?

நிற்க. தெரு யாருடையது என்ற கேள்வி நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1924 மார்ச்சு 30ந் தேதி வைக்கத்தில் தொடங்கிய கிளர்ச்சி எதற்காக? கோவிலுக்குள் போவதற்காகக்கூட அல்ல, கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக! நாயும் பன்றியும் நடக்கிற தெருவில் ஈழவனும் புலையனும் நடக்கக்கூடாது என்றார்கள். பெரியார் அங்கே போய் இரண்டு முறை சிறை சென்றார். கடைசியில் 1925இல் மூன்று பக்கத்துத் தெருக்களைத் திறந்தார்கள். கிழக்குத் தெருவை மாத்திரம் மூடியே வைத்துக் கொண்டார்கள்! அன்று பிறவியைச் சொல்லி விரட்டினார்கள். இன்று ஹாரன் அடித்து விரட்டுகிறார்கள். ஓரத்தில் நடப்பவன் சாக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்றால்தான் பிழைக்கலாம்.

பிழைக்கிறானா என்று கேளுங்கள். 2022ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் ரோட்டு விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். நமது தமிழ்நாட்டில் 17,884 பேர். சர்க்கார் கணக்கு இது. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தலைவிதி முடிந்ததா? பிரம்மா மோட்டார் கம்பெனிக்கு ஏஜெண்டா? இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த பரிகாரம் என்ன? புது வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஆயுத பூஜை வந்தால் நடுரோட்டில் பூசணிக்காயைப் போட்டு உடைக்கிறார்கள். திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, அந்தப் பூசணிக்காயில் வழுக்கிப் பின்னால் வருகிறவன் விழுகிறான். உடைக்காதீர்கள் என்று போலீஸ்காரர்கள் வருஷந்தோறும் கெஞ்சுகிறார்கள்.

இந்தக் கடற்கரைக்கு இது பழைய வழக்கம். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்துக்காரர் இந்தக் கடல் பக்கத்து முத்துக் குளிப்பைப்பற்றி எழுதி வைத்திருக்கிறார். கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி, கடலுக்குள் இறங்குகிறவன் ஒருவன். பெரிய மீன்கள் அவனைக் கடிக்காமல் இருக்கக் கரையில் மந்திரம் சொல்லுகிறவர் பார்ப்பனர். அவருக்கு இருபதில் ஒரு பங்கு! முத்துக் குளிப்பு 1961உடன் நின்று போயிற்று. மந்திரத்துக்குப் பங்கு கொடுக்கிற புத்தி மாத்திரம் நிற்கவில்லை.

இனி சைக்கிளுக்கு வருவோம். இப்பொழுது பட்டணங்களில் சைக்கிள் விடுவது நாகரிகமாகி வருகிறது. தலையில் தொப்பி மாட்டி, ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ள சைக்கிளில் காலையில் போகிறார்கள். போகட்டும், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் இவ்வூர் உப்பளத்துக்கு விடியுமுன் சைக்கிளில் போகிற தொழிலாளியையும், கேரியரில் மீன் கூடை கட்டித் தெருத்தெருவாய் மிதிக்கிறவரையும் யாராவது சைக்கிள் நாகரிகத்தில் சேர்த்தார்களா? அவர்கள் மிதித்தால் வறுமை, இவர்கள் மிதித்தால் நாகரிகமா? துறைமுக ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் முதல் சொன்னவர்களே. ஞாயிற்றுக்கிழமைத் தெரு அவர்களுக்கு இல்லாமல் தொப்பிக்காரருக்கு மாத்திரம் ஆகுமானால் அந்த வேடிக்கையில் நமக்கு வேலை இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1991இல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் அதற்குத் துணை நின்றார். கல் உடைக்கிறவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள், முஸ்லிம் பெண்கள், எல்லோரும் கற்றார்கள். ஆண்கள் கேலி செய்தார்கள். கெட்ட வார்த்தைகூடச் சொன்னார்கள். 1992இல் 1,500 பெண்களுக்கு மேல் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிளில் வந்தபோது கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இதில் வேடிக்கை, பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே நல்லதென்றும் சொன்னார்கள்! பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்து நிற்காமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் போய் வந்தார்கள். எந்தச் சாஸ்திரம் இந்த விடுதலையைக் கொடுத்தது?

ஆனால் இதே நாட்டில், ஆதிதிராவிடத் தோழன் தன் சைக்கிளில் மேல்சாதித் தெருவுக்குள் ஏறிப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று கட்டுப்பாடு செய்த கிராமங்கள் நம் தென் ஜில்லாக்களிலும் உண்டு. 2001-02இல் சர்க்கார் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. சர்க்கார் கொடுத்த சைக்கிளிலிருந்து ஒரு பெண்ணை இறக்கிவிட எவனுக்கு என்ன பாத்தியதை? இரண்டு சக்கரத்தின்மேல் ஒருவன் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்தால் சாதிக்கு ஏன் வயிறு எரிகிறது? நிமிர்ந்து உட்கார்ந்தவன் தலை நம் தலைக்கு மேலே தெரிகிறதே என்றுதானே?

ஆகவே மாநகராட்சிக்கு நாம் கொடுக்கப் போகிற மனுவில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ரோட்டைக் காலை 6 மணி முதல் 9 மணி வரை விட வேண்டும். அன்று சைக்கிள் கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கும், குரங்கு பெடல் போடுகிற பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க மாநகராட்சியே ஆள் வைக்க வேண்டும். உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் போகிற ரோடுகளில் மற்ற ஆறு நாளைக்கும் சைக்கிளுக்குத் தனி வழி வேண்டும். நம் தோழர்கள் செய்ய வேண்டியது வேறு. சுற்றுக் கிராமங்களில் சைக்கிளை இறங்கித் தள்ளச் சொல்லும் தெரு எது என்று தெரிந்தவர்கள் நம்மிடம் சொல்லுங்கள். எல்லாச் சாதியிலும் இருந்து பத்துப் பேர் சேர்ந்து, மணி அடித்துக்கொண்டு, இறங்காமல் அந்தத் தெருவழியே போய் வருவோம். மனு வாசற்பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம்.