திரிவதும் கெடுவதும்

தைப்பூசம் வந்துவிட்டால் செலாயாங் வட்டாரத்தில் வாழும் நமக்குத் தூக்கம் ஏது? பத்துமலை நம் பக்கத்து மலை; செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் அடங்கியது. அதன் 272 படிகளில் விடிய விடியப் பால்குடங்கள் ஏறும். நெடுநேரம் வெயிலில் சுமந்த பால், சன்னிதியை அடைவதற்குள் திரிந்துவிடுவதும் உண்டு. விரதத்தில் ஏதோ குறை என்று சுமந்தவர் மனம் கலங்குகிறார். பால் ஏன் திரிகிறது? திரிவதும் கெடுவதும் ஒன்றா? இன்று பார்ப்போம்.

பசும்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு தண்ணீர். மீதி பால்சர்க்கரை, கொழுப்பு, புரதம், உப்புகள். புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். இது கால்சியம் பாஸ்பேட்டால் பிணைக்கப்பட்ட நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கி, ஒட்டாமல் நிற்கின்றன.

பாலில் சேரும் லாக்டிக் பாக்டீரியா, பால்சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. நம் நாட்டு வெப்பத்தில் இவ்வேலை விரைவாகவே நடக்கும். மழைநீர் பத்துமலையின் சுண்ணாம்புக் கல்லைக் கரைப்பதுபோல, இந்த அமிலம் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைக்கிறது, மின்னூட்டத்தையும் குறைக்கிறது. பாலின் பி.எச். அளவு 6.6இலிருந்து இறங்கி 4.6ஐ நெருங்கும்போது, விலகி நின்ற உருண்டைகள் ஒட்டி வலையாகின்றன. அதுவே தயிர். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் அதே காரியம் உடனே நடக்கிறது. அதை வடித்தால் பன்னீர்.

பாலாடைக்கட்டி செய்வோர் ரென்னெட் என்னும் நொதியைச் சேர்க்கின்றனர். முன்பு இதைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தனர். இன்று பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கின்றனர். உருண்டைகளைச் சுற்றி மயிர்போல் நீண்டிருக்கும் பகுதியை இது வெட்டிவிட, புளிப்பு அதிகமில்லாமலே பால் உறைகிறது. நீரை வடித்து, உப்பிட்டு, அழுத்தினால் சுமார் பத்துக் கிலோ பாலில் ஒரு கிலோ கட்டி கிடைக்கும். அமிலம், உப்பு, நீர்க்குறைவு ஆகிய மூன்றுமே அதற்குக் காவல். நாளடைவில் நொதிகள் புரதத்தையும் கொழுப்பையும் மெல்லச் சிதைக்க, மணமும் சுவையும் பிறக்கின்றன. அதே சிதைவு எல்லை மீறினால் கசப்பும் அம்மோனியா நெடியும் வரும்.

அப்படியானால் தானாகத் திரிந்த பாலைக் குடிக்கலாமா? கூடாது. காய்ச்சிய பாலில் உறை ஊற்றும்போது நல்ல பாக்டீரியாவை நாமே குடியேற்றுகிறோம். தானாகத் திரிந்த பாலில் குடியேறியது எது என்று நமக்குத் தெரியாது. "வீணாக்குவானேன், இன்னொரு கொதி விட்டுப் பிள்ளைக்குக் கொடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா விடும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. பெட்டிப்பாலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கடும் சூட்டில் லாக்டிக் பாக்டீரியா மடிந்துவிடுவதால், திறந்து வைத்த பால் புளிக்காமலே கெடக்கூடும். புளிக்கவில்லையே என்று நம்பிவிடக் கூடாது.

ஆகவே, வீட்டில் குழந்தைக்கென வைத்த பாலில் ஐயம் தோன்றினால் தயங்காமல் கொட்டிவிடுவோம். குடத்துப் பால் வழியில் திரிந்தால் வருந்த வேண்டாம். அது வெயிலும் பாக்டீரியாவும் செய்த வேலை. சுமந்து வந்தவரின் பக்தியில் குறையில்லை.