பங்குக் கிணற்றுக்கு ஒரு மத்தியஸ்தர்



விதை, உரம் என்று பேசுகிற நான் இன்று வழக்கு வம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அண்ணன் தம்பிக்கு ஒரே பங்குக் கிணறு. மோட்டார் முறை யாருடையது என்று தகராறு. மணிலா பூத்து விழுது இறங்குகிற பருவம். அப்போது ஈரம் தவறினால் காய் பிடிக்காது. கிணற்றில் தண்ணீர் கிடந்தது, இருவர் பயிரும் காய்ந்தது. இதற்கு நான் என்ன மருந்து சொல்ல?

அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்களைக் கௌரவ மாஜிஸ்திரேட்டாக நியமித்தார்கள். 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பிறகு, அரசுப் பதவி வகிக்காதவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. ஆனால் வேறு வழி திறந்திருக்கிறது.

1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி மக்கள் நீதிமன்றம் நடக்கிறது. கோர்ட்டுக்குப் போகாத தகராறையும் அங்கே வைக்கலாம். கட்டணம் கிடையாது. இரு தரப்பும் சம்மதித்து முடித்தால், அந்த உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. ஆகவே, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சம்மதம் வராவிட்டால் கோர்ட் இருக்கவே இருக்கிறது.

அங்கே போக வழி காட்டுகிறவர்தான் சட்டம் சார்ந்த தன்னார்வலர். 2009ஆம் வருஷம் வந்த திட்டம் இது. வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். பத்தாவது படித்திருந்தால் நல்லது. ரிடையர் ஆன வாத்தியார், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுவில் இருக்கும் அம்மா, யாரும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் பயிற்சி கொடுப்பார்கள். வேலை செய்த நாளுக்குச் சிறு மதிப்பூதியம் உண்டு. அது சம்பளம் அல்ல.

ஒன்றை மறக்க வேண்டாம். தன்னார்வலர் தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல. அபராதம் விதிப்பது, ஒரு குடும்பத்தை ஊரை விட்டு ஒதுக்குவது எல்லாம் சட்ட விரோதம். இரண்டு பக்கமும் கேட்கிற காதும், ரகசியம் காக்கிற வாயும் இருந்தால் போதும். நம் செய்யாறு பக்கத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டே, கணக்குக் காட்டாதவனுக்கு வாரியத்தில் இடமில்லை என்கிறது. பதவிக்கு முன்னால் நம்பிக்கை வேண்டும் என்பது நம் பக்கத்துப் பழைய பாடம்.

விவரம் வேண்டுவோர் திருவண்ணாமலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

அந்த அண்ணன் தம்பிக்கு அந்தப் பட்டம் போனது போனதுதான். விதைக்கு முன்பே நிலத்தைத் தயார் செய்கிறோம் அல்லவா? சண்டைக்கு முன்பே ஊருக்கு ஒருவரைத் தயார் செய்து வையுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.