கண்ணாடியைக் கழற்றுமுன்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கரும்பலகை தெரியவில்லை என்று முன்வாங்குக்கு மாற்றப்பட்டவர்கள் எம்மில் பலர். இரட்டைப் பின்னலும் தடித்த கண்ணாடியுமாகப் படித்த நாங்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டோம். நேற்று விருந்தில், "கண்ணாடி இல்லாமல் இருக்க எந்த ஒப்பரேஷன் நல்லது?" என்ற கேள்வி எங்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

எங்கள் தோழி ஒருத்தியும் முன்பு இதையே கேட்டாள். அவள் நுண்ணிய தையல் வேலை செய்பவள். வைத்தியர்களான நாங்கள் லேசரைப் பற்றி நிறையக் கதைத்தோம். நாள் முழுதும் எதைப் பார்த்து வேலை செய்கிறாள் என்று கேட்க மறந்தோம். சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. "தெருமுனைப் பெயர்ப்பலகை தெரிகிறது, ஊசிக்கண் தெரியவில்லையே" என்று பிறகு அழுதாள். அந்தக் குறை எங்களுடையது.

நடந்தது இதுதான். நாற்பதுக்குப் பின் கண்ணிலுள்ள இயற்கை வில்லையின் நெகிழ்ச்சி குறைகிறது, அதுவே வெள்ளெழுத்து. மைனஸ் 3 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால், ஏறத்தாழ 33 சென்ரிமீற்றரில் உள்ளதைத் தெளிவாகக் காண்பார். தூரப்பார்வையை முழுதாகத் திருத்தினால் அந்த வசதி போய்விடும். வாசிக்க வேறு கண்ணாடி தேவைப்படும்.

ஆகவே முதற்கேள்வி, எந்தத் தூரத்தைக் கண்ணாடியின்றிப் பார்க்க விரும்புகிறோம் என்பதே. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டப் பார்ப்பதற்கும் அமைக்கும் வழியும் உண்டு. அது எல்லோருக்கும் ஒத்துவராது. கொன்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில வாரங்கள் பழகிப் பார்த்தபின் முடிவெடுக்கலாம்.

அடுத்ததே முறை. கண்ணின் முன்னாலுள்ள தெளிந்த கருவிழிப்படலம் நடுவில் அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பானது. லசிக் முறையில் அதில் மெல்லிய மடிப்பொன்றைத் திறந்து உள்ளே லேசரால் செதுக்குவார்கள். பார்வை விரைவில் தெளியும். பீ.ஆர்.கே. முறையில் மடிப்பு இல்லை. மேற்தோலை அகற்றிச் செதுக்குவதால் சில நாள் வலியும் மங்கலும் இருக்கும். ஸ்மைல் முறையில் சிறு துவாரத்தால் மெல்லிய தகடொன்றை எடுப்பார்கள். பவர் மிக அதிகமானாலோ படலம் மெலிதானாலோ, கண்ணுக்குள் வில்லை பொருத்துவது பொருந்தலாம். கண்புரை தொடங்கியிருந்தால் அதற்கான சத்திரசிகிச்சையின்போதே வில்லையைத் தெரிவது நல்லது. தூரமும் கிட்டவும் காட்டும் வில்லைகள் சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் காட்டும். இரவில் வாகனம் ஓட்டுபவர்கள் இதைக் கேட்டறிய வேண்டும்.

மகளுக்குக் கலியாணம் பேசுமுன் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்கிறோம். பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்கிறதா? கருவிழி கூம்பாகும் நோயின் அறிகுறி உண்டா? கண் வரட்சி உண்டா? இவற்றைப் பார்க்காமல் திகதி குறிக்கக்கூடாது. கர்ப்பகாலத்திலும் பாலூட்டும்போதும் பொறுத்திருக்க வேண்டும். கண் அவளுடையது, தீர்மானமும் அவளுடையதாக இருக்கட்டும்.

இன்னும் இரண்டு. அளவெடுக்குமுன் கொன்டாக்ட் லென்ஸை வைத்தியர் சொல்லும் காலத்துக்கு நிறுத்துங்கள். சத்திரசிகிச்சைக்கு முந்திய அளவுகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கண்புரை வந்தால் வில்லையின் பவரைக் கணிக்க அவை உதவும். கிட்டப்பார்வையுள்ள கண் நீண்ட கண். லேசர் அந்த நீளத்தை மாற்றாது. விழித்திரைப் பரிசோதனையை நிறுத்தக்கூடாது.

எங்கள் தோழி இப்போது கழுத்தில் சங்கிலி கோத்த வாசிப்புக் கண்ணாடியுடன் தைக்கிறாள். இன்று நாங்கள் உடுத்திருக்கும் சட்டைகள் அவள் கைவேலை. அவளுடைய அனுமதியுடனேயே இதைச் சொன்னோம். "மற்றப் பிள்ளைகளிடமாவது முதலில் கேளுங்கோ" என்றாள். கேட்டுவிட்டோம்.